மருமகனின் துவக்குக்கு என்ன விலை சரி?

போன சித்திரையில் ஒரு நாள் விடிய எழும்பிப் போனைப் பார்த்தால், மருமகனிடமிருந்து மூன்று படங்கள் வந்து கிடந்தன. மூன்றும் துவக்கு. கீழே ஒரு வரி: “மாமா, இதில எதை வாங்கலாம்? என்ன விலை சரி?”

என் தங்கையின் மகன். கனடாவில், ஸ்காபரோவில் இருக்கிறான். கூட வேலை செய்கிறவர்களோடு நவம்பரில் மான் வேட்டைக்குப் போய்ப் பழகி, படிப்பும் பரீட்சையும் முடித்து லைசன்சும் எடுத்துவிட்டான். இப்போது பழைய இராணுவத் துவக்கு ஒன்று வேண்டுமாம். நான் யாழ்ப்பாணத்தில் கோண்டாவில் பக்கம் நாற்பது வருடம் கராஜ் வைத்திருந்தவன். ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், சோமசெற், மொறிஸ் மைனர் என்று எது கைமாறினாலும் விற்கிறவரும் வாங்குகிறவரும் என் வாயைத்தான் பார்ப்பார்கள். துவக்கைப் பற்றி எனக்குத் தெரிந்தது சொற்பம். அந்தக் காலப் பொலிஸ்காரர் தோளில் தொங்கிய ‘திரீ நொட் திரீ’யை ரோட்டின் மற்றப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான். மருமகன் அனுப்பிய மூன்றும் அதே லீ என்பீல்ட் என்கிற பிரித்தானிய இராணுவத் துவக்கு வம்சம், அதே .303.

தங்கைக்குப் படத்தைக் காட்டியது என் பிழை. “உவனுக்கு விசரே அண்ணை? துவக்கெண்ட சொல்லே வேண்டாம் எண்டுதானே பிள்ளையளை அங்கால அனுப்பினது” என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் பெடியன் நாங்கள் மறித்தும் வாங்கத்தான் போகிறான். வாங்குகிறவன் ஏமாறாமல் வாங்கட்டும் என்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

மூன்றும் நம்பர் 4 மார்க் 1 ஸ்டார் என்கிற வகை. மூன்றும் கனடாவிலேயே லோங் பிராஞ்ச் தொழிற்சாலையில் செய்தவை. ரொறன்ரோவுக்கு மேற்கே, ஒன்ராறியோ ஏரிக் கரையில், இன்றைய மிசிசாகா எல்லைக்குள் இருந்த இடம் அது. 1940-இல் அரசாங்கம் தொடங்கி, 1941-இல் முதல் துவக்கு வெளியே வந்து, யுத்தம் முடிவதற்குள் ஒன்பது லட்சத்துக்கு மேல் செய்துவிட்டார்கள். வேலை செய்தவர்களில் ஏராளம் பேர் பெண்கள். அங்கே துவக்குகளைப் பரிசோதித்த கட்டடம் இன்றும் நிற்கிறது, இப்போது அது கலை நிகழ்ச்சிகள் நடக்கிற இடம். “பக்கத்து ஊரில செய்த சாமான் மாமா, அதுதான் ஆசை” என்றான் மருமகன். சரி, ஆசைக்கு ஒரு காரணம் இருக்கிறது. ஆனால் ஒன்பது லட்சம் செய்த சாமானை ‘அரிய பொருள்’ என்று விளம்பரத்தில் எழுதியிருந்தால் அந்தச் சொல்லுக்கு ஒரு டொலரும் கூட்டிக் கொடுக்கக் கூடாது என்றேன்.

முதலாவது, 1943 என்று பொறித்தது. வாயிலிருந்து சோங்கு (தோளில் வைக்கிற பின்கட்டை) வரை மரம் முழுசாக இருக்கிறது. தனியாள் ஒருவர் விற்கிறார், கேட்டது 1,150 கனேடிய டொலர். இரண்டாவது, 1942. யாரோ ஒரு வேட்டைக்காரர் முன்பக்க மரத்தைப் பாதியில் வெட்டி, மேல் மரத்தைக் கழற்றி எறிந்து, பாரத்தைக் குறைத்திருக்கிறார். விலை 375. மூன்றாவது கடையில் இருப்பது. பார்வைக்கு மூன்றிலும் அதுதான் வடிவு, மரம் மினுங்குகிறது. ‘பழைய நிலைக்குத் திருப்பியது’ என்று எழுதி 900 கேட்கிறார்கள்.

கல்யாண வீட்டுக்குப் போகிற மாதிரி என்றால் மூன்றாவதைத்தான் எடுக்க வேண்டும். மருமகனின் கண்ணும் அதிலேதான் நின்றது.

எதை வாங்குவது என்பதற்கு முதல், விலையை எங்கேயிருந்து எடுப்பது என்று பார்க்க வேண்டும். மருமகன் செய்தது எல்லாரும் செய்வது: இணையத்தில் பத்து விளம்பரம் பார்த்து, எல்லாரும் ஆயிரத்துக்கு மேல் கேட்கிறார்கள், ஆகவே 1,150 சரி என்று முடிவுகட்டினான். அவனுக்கு எங்கள் ஒழுங்கையில் உள்ள காணியை ஞாபகப்படுத்தினேன். பரப்புக்கு ஒரு விலை சொல்லி ஆறு வருடமாக அந்தக் காணி அப்படியே கிடக்கிறது. வெளிநாட்டில் இருந்து யாரும் விசாரித்தால் சுற்றவுள்ளவர்கள் அந்தக் காணியின் விலையைத்தான் சொல்கிறார்கள். விற்காத விலையைப் பார்த்து எல்லாரும் தங்கள் காணிக்கு விலை வைக்கிறார்கள்.  விளம்பர விலையும் அப்படித்தான். நல்ல விலைக்குப் போட்டது இரண்டு நாளில் விற்று மறைந்துவிடும். விற்காதது மட்டும் மாதக்கணக்கில் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும்.

விலைப் புத்தகம் என்று ஒன்றும் இருக்கிறது. நிலைமையைத் தரம் தரமாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை போட்டிருப்பார்கள். எது தரம் கூட, எது குறைய என்று பழக அது உதவும். ஆனால் பெரும்பாலும் அமெரிக்கச் சந்தையை வைத்து எழுதியது, அச்சாகி வரும்போதே பழசாகியும் விடும். கடைக்காரர் வாங்குகிற விலையைக் கேட்பது இன்னொரு வழி. அவர் வாடகை கட்ட வேண்டும், லாபமும் வைக்க வேண்டும், ஆகவே அடியில் இருந்துதான் சொல்வார். அது தரை. அதற்குக் கீழே யாரும் விற்கத் தேவையில்லை என்பதற்கு மேல் அதில் செய்தி இல்லை.

எனக்குப் பிடித்தது ஏலம். அங்கே ஒருவர் உண்மையாகவே காசைக் கொடுத்திருக்கிறார். ஆனால் ஏலக் கணக்கை அப்படியே எடுத்தாலும் பிழைதான். மருமகனைத் தேடச் சொன்னேன். முதலாவதைப் போலவே மரம் முழுசாக, போல்ட் (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டுகிற துண்டு) நம்பர் பொருந்தாத லோங் பிராஞ்ச் ஒன்று 800 டொலருக்குச் சுத்தியல் விழுந்திருந்தது. “அப்ப மாமா, 800 தானே விலை?” இல்லை. வாங்கியவர் அந்த 800-க்கு மேல் ஏலக்காரருக்கு நூற்றுக்கு 18 கொடுக்க வேண்டியிருந்தது. அது 144. ஆக 944. அதன் மேல் ஒன்ராறியோவின் 13 வீத விற்பனை வரி, ஏறக்குறைய 123. வாங்கியவரின் பையிலிருந்து போனது 1,067, தபால் கூலி தனி. விற்றவரைப் பாருங்கள்: 800-இல் 15 வீதக் கழிவு போய் அவர் கைக்கு வந்தது 680. ஒரே துவக்கு, ஒரே நாள், வாங்கினவருக்கு 1,067, விற்றவருக்கு 680. நடுவில் உள்ள 387 டொலரும் இரண்டு பேருக்கும் கிடைக்காத காசு.

தனியாளிடம் நேரே வாங்கும்போது அந்த 387 மேசையில் கிடக்கிறது. 680-க்கு மேல் எது கிடைத்தாலும் விற்கிறவருக்கு ஏலத்தை விட லாபம், 1,067-க்குக் கீழே எது கொடுத்தாலும் வாங்குகிறவருக்கு லாபம். நியாய விலை இந்த இரண்டுக்கும் இடையில் எங்கேயோ இருக்கிறது. நட்டநடு 873 சொச்சம். 1,150 என்பது ஏலத்தில் எல்லா வரியும் கூலியும் கட்டி வாங்கியவரின் செலவையும் தாண்டிய விலை. விற்கிறவர் கள்ளர் இல்லை, அவரும் விளம்பரங்களைத்தான் பார்த்திருக்கிறார்.

இனிச் சாமானுக்கு வருவோம். படங்களைப் பெருப்பித்துப் பெருப்பித்துப் பார்த்ததில் என் கண் நிரந்தரமாகச் சுருங்கிவிட்டது.

பழைய காருக்கு செசி நம்பரும் என்ஜின் நம்பரும் புத்தகத்தோடு பொருந்துகிறதா என்று பார்ப்பது போல, இதில் துவக்கின் உடலில் உள்ள நம்பரும் போல்ட் கைப்பிடியின் பின்பக்கத்தில் உள்ள நம்பரும் ஒன்றா என்று பார்க்க வேண்டும். லோங் பிராஞ்ச் நம்பருக்கு நடுவில் ‘எல்’ எழுத்து வரும். முதலாவது துவக்கின் போல்ட்டில் பழைய நம்பரைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் வேறு நம்பர் குத்தியிருந்தது. அந்தப் புது நம்பரும் உடலோடு பொருந்தவில்லை. ஆக இந்தப் போல்ட் வேறு இரண்டு துவக்குகளில் இருந்துவிட்டு வந்திருக்கிறது. விலை குறைய ஒரு காரணம் அது. பயப்படவும் அதில் ஒரு காரணம் உண்டு. .303 ரவையின் (தோட்டாவின்) அடியில் ஒரு விளிம்பு இருக்கிறது. போல்ட்டின் முகத்துக்கும் குழலின் பின்பக்கத்துக்கும் இடையே அந்த விளிம்பு அளவாக இறுகி இருக்க வேண்டும். இடைவெளி கூடினால் வெடிக்கும்போது பித்தளைக் கூடு குறுக்கே அறுந்துவிடும். இதற்காகவே போல்ட் தலையை 0, 1, 2, 3 என்று நாலு அளவில் செய்து வைத்திருந்தார்கள். வால்வுக்கு ஷிம் போட்டு இடைவெளி எடுத்தவனுக்கு இது உடனே விளங்கும். நம்பர் பொருந்தாத துவக்கை அளவுகோல் போட்டுப் பார்க்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டாமல் ஒரு வெடிகூட வைக்கக் கூடாது. அந்தக் கூலியையும் போல்ட் தலை மாற்ற வேண்டி வந்தால் அதன் செலவையும் விலையில் கழித்துக் கேட்கலாம்.

இந்த மார்க் 1 ஸ்டாருக்கு என்று தனி நோய் ஒன்றும் உண்டு. போல்ட்டை வெளியே எடுக்க, பிரித்தானிய மொடலில் ஒரு கொக்கி இருந்தது. வட அமெரிக்காவில் வேலையைச் சுருக்க அதை விட்டுவிட்டு, போல்ட் தலை வழுக்கி ஓடுகிற வலப்பக்கத் தண்டவாளத்தில் ஒரு வெட்டு மட்டும் போட்டார்கள். வருடக்கணக்கில் போல்ட் உராய்ந்து அந்த வெட்டின் ஓரம் சில துவக்குகளில் உடைந்துபோகும். உடைந்தால் போல்ட் தலை தண்டவாளத்தை விட்டுத் துள்ளும். விற்கிறவர் அந்த இடத்தைப் படம் எடுத்து அனுப்ப மாட்டார். கேட்டு வாங்கச் சொன்னேன். முதலாவதின் ஓரம் கூராக, சுத்தமாக இருந்தது. அந்த ஒரு படத்துக்காகவே அவர் மேல் எனக்கு மரியாதை வந்தது, கேட்டவுடன் அனுப்பினார்.

குழலுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தால் குண்டைச் சுழற்றிவிடுகிற வரிப்பள்ளம் இரண்டே இரண்டுதான் தெரிகிறது, தேய்ந்துபோனதோ என்று மருமகன் பதறினான். தேயவில்லை. யுத்த காலத்தில் நேரத்தை மிச்சம்பிடிக்க ஐந்துக்குப் பதில் இரண்டு வரிப்பள்ளத்தோடு ஏராளமான குழல்கள் செய்தார்கள். நன்றாகவே சுடும். இதைக் குறையாகச் சொல்லி விலையைக் குறைக்கக் கேட்டால் விற்கிறவர் சிரிப்பார். பார்க்க வேண்டியது பள்ளத்தின் எண்ணிக்கை இல்லை, துருக்குழி. அந்தக் கால ரவையின் தீப்பொட்டு (வெடிமருந்தைப் பற்றவைக்கிற பொட்டு) எரிந்த பிறகு உப்பு மிஞ்சும். வெந்நீர் ஊற்றிக் கழுவாமல் எண்ணெய் மட்டும் பூசி வைத்தால் உப்பு உள்ளே இருந்து தின்னும். காரைநகர்ப் பக்கத்துச் சைக்கிள் றிம்மைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

இரண்டாவது துவக்கில் வேடிக்கை என்னவென்றால், குழல் மூன்றிலும் அதுதான் திறம். நம்பரும் பொருந்துகிறது. வேட்டைக்காரர் பிள்ளையைப் போல வைத்திருந்திருக்கிறார். ஆனால் மரத்தை வெட்டிவிட்டார். யுத்தம் முடிந்த பிறகு இந்தத் துவக்குகளை மலிவாகத் தள்ளிவிட்டார்கள். நாலு கிலோ பாரத்தைக் காட்டுக்குள் தூக்கித் திரிய யாருக்கு ஆசை? வாள் எடுத்து முன்மரத்தை வெட்டினார்கள். அவர்களைப் பிழை சொல்ல முடியாது. அன்றைக்கு அது பழைய இரும்பு. எங்கள் ஆட்கள் தொண்ணூறுகளில் பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் ஓட்டக் கார்களின் காபரேற்றரைப் படாதபாடு படுத்தியதும் அப்படித்தான். ஓட வேண்டியிருந்தது, ஓட்டினார்கள். ஆனால் வெட்டின மரம் வளராது. ஒன்பது லட்சத்தில் வெட்டாமல் மிஞ்சினதற்குத்தான் இன்றைக்கு விலை.

இரண்டாவதை வாங்கி மரம் மாற்றிவிடலாமே என்பது மருமகனின் யோசனை. மூன்றாவது துவக்கு அந்த யோசனையின் முடிவுதான். கடைக்காரரிடம் கேட்டபோது ஒளிக்காமல் சொன்னார்: வெட்டின துவக்கு ஒன்றுக்கு வேறு மரம் போட்டது, சோங்கு மட்டும் பழசு. மர செற், இரும்புப் பட்டிகள், சிறு திருகாணிகள் எல்லாம் சேர்த்து முந்நூறுக்குக் குறையாது என்று மருமகனே விசாரித்தான். 375-ஐயும் 300-ஐயும் கூட்டினால் 675. வேலைக்கூலி, கடை லாபம் என்று கொஞ்சம் விடலாம். 900-இல் மிச்சம் உள்ளது வார்னிஷ்.

என் வீட்டில் அப்பாவின் றலி சைக்கிள் நிற்கிறது. முன்னால் நாரைத் தலைச் சின்னம், மட்கார்ட்டில் கையால் இழுத்த தங்கக் கோடு. கோடு பாதி அழிந்துவிட்டது, பெயின்ற் சிராய்ந்துவிட்டது. 2010-க்குப் பிறகு ஒருவர் வந்து நல்ல விலை கேட்டார். பக்கத்து வீட்டுக்காரரும் அதே மாதிரி றலி வைத்திருந்தார். அவர் விற்க முன்னம் கறுப்புப் பெயின்ற் அடித்து, கோட்டையும் புதிதாக இழுத்து மினுக்கிவிட்டார். வந்தவர் விரலால் கோட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, எனக்குச் சொன்னதில் பாதி கூட அவருக்குச் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் இன்றுவரை அதற்கு நான்தான் காரணம் என்று நினைக்கிறார். மூன்றாவது துவக்கின் மரத்தை உரஞ்சியிருந்தார்கள். பரிசோதகர்கள் குத்திய சின்னச் சின்ன முத்திரைகள் சோங்கில் நிழல் போலத்தான் தெரிந்தன. படத்தில் அதைப் பார்த்தவுடன் எனக்கு அந்த விரல்தான் ஞாபகம் வந்தது.

இடையில் நாலாவது ஒன்றும் வந்தது. தொலைநோக்கி பூட்டிய ‘ஸ்னைப்பர்’, மூன்றாவதை விடப் பல மடங்கு விலை, “ஆனா மாமா, உண்மையான விலை இன்னும் கூடவாம்.” உண்மையான ஸ்னைப்பர் லீ என்பீல்டில் தொலைநோக்கியின் நம்பரைச் சோங்கின் கழுத்து மேல் குத்தியிருப்பார்கள், தொலைநோக்கியைப் பூட்டுகிற தாங்கியில் துவக்கின் நம்பர் இருக்கும். எல்லாம் ஒன்றையொன்று சாட்சி சொல்ல வேண்டும். இதில் எதுவும் எதோடும் பேசவில்லை. சாதாரணத் துவக்கில் தொலைநோக்கி பூட்டி விற்பது பழைய தொழில். அந்தப் பேச்சை அதோடு விட்டோம்.

ஆக என் தீர்ப்பு இப்படிப் போனது. மானுக்கு என்றால் இரண்டாவது, பேரம்கூடப் பேசத் தேவையில்லை. 375-க்கு நல்ல குழல், பொருந்தின நம்பர், காட்டில் கீறல் விழுந்தாலும் மனம் நோகாது. திரும்ப விற்றாலும் ஐம்பது டொலருக்கு மேல் நட்டம் வராது. பக்கத்து ஊரில் செய்த சாமான் என்று வைத்திருக்க என்றால் முதலாவது, ஆனால் 875-இல் தொடங்கி 950-ஐத் தாண்டாமல். மூன்றாவது 675-க்கு மேல் வேண்டாம், 675-க்கும் எனக்கு மனமில்லை. இரண்டாவதை வாங்கி மரம் மாற்றுகிற யோசனையை மறந்துவிட வேண்டும். அது பாவம் நல்ல வேட்டைத் துவக்கு, அதைக் கெடுத்து இன்னொரு மூன்றாவதைச் செய்வதில் என்ன பிரயோசனம்?

தங்கையின் தெரிவு, ஒன்றும் வாங்காமல் இருப்பது. அதையும் கணக்கில் வைத்தேன், ஏனென்றால் அவள் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

மருமகன் முதலாவதைத்தான் எடுத்தான். நான் சொன்னபடி ஏலக் கணக்கை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய் விற்கிறவருக்குக் காட்டியிருக்கிறான். மனிதர் கொஞ்ச நேரம் தாளைப் பார்த்துவிட்டு 680 என்ற எண்ணில் விரலை வைத்து, “இவ்வளவுதான் எனக்கு மிஞ்சுமா?” என்று கேட்டாராம். 900-க்கு முடிந்தது. அங்கே 2022-இலிருந்து இப்படியான துவக்கைக் கைமாற்ற முன்னம் விற்கிறவர் வாங்குகிறவரின் லைசன்சைப் பதிவாளரிடம் சரிபார்த்து ஒரு குறிப்பு எண் எடுக்க வேண்டும். அதற்கு இரண்டு நாள். அளவுகோல் போட்டுப் பார்த்ததில் போல்ட் தேறிவிட்டது, தலை மாற்றவும் தேவைப்படவில்லை.

ஆவணியில் நல்லூர்த் திருவிழாவுக்கு வந்தான். துவக்கு அங்கே பூட்டுக்குள், இங்கே கொண்டுவந்தது படம் மட்டும். கொண்டுவரவும் முடியாது. இங்கே 1916-ஆம் ஆண்டுச் சுடுகலன் சட்டம் இருக்கிறது, அதற்கு மேல் தங்கை இருக்கிறாள். இரவு சாப்பிட்டு முடிய விறாந்தையில் இருந்து எனக்குப் போனில் ஒவ்வொரு முத்திரையாகக் காட்டிக்கொண்டிருந்தான். தங்கை புட்டுச் சட்டியைக் கழுவிக்கொண்டே கேட்டாள்.

“கடைசியா எவ்வளவுக்குத்தான் வாங்கினனி?”

“தொளாயிரம் அம்மா. மாமா சொன்ன விலைக்குள்ளதான்.”

அவள் விரலை மடித்து ரூபாய்க்கு மாற்றினாள். ஏறக்குறைய ரெண்டு லட்சம். சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டு என்னைத்தான் பார்த்தாள்.

“அந்தக் காசுக்கு ரோட்டுப் பக்க மதிலையாவது கட்டியிருக்கலாம் அண்ணை.”